சருகுக்குள் ஓடும் பாம்புக்கண் பல்லி: முதன்முறை தேடிப் போகிறவர்களுக்கு

வறண்ட காட்டில் நடக்கும்போது காலடிக்கு முன்னால் 'சரக்' என்று ஒரு சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆடு மேய்ப்பவர்களுக்கும் விறகு பொறுக்குபவர்களுக்கும் பழகிப்போன சத்தம் அது. "அரணை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு நடையைத் தொடர்வார்கள். பல நேரம் அது அரணைதான். சில நேரம் அது அரணையே அல்ல. கிழக்காசியாவின் புல்வெளிகளிலும் காடுகளிலும் வாழும் புல்பல்லிகளின் குடும்பத்தைச் சேர்ந்த, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு சிறிய பல்லி. அதைக் கண்டுபிடித்து, தொந்தரவு செய்யாமல் பார்த்து, சரியாக அடையாளம் குறித்துக்கொண்டு திரும்புவது எப்படி என்பதற்கான வழிகாட்டி இது.

இதன் அறிவியல் பெயர் ஓபிசாப்ஸ் லெஷெனால்டி. பேரினத்தின் பெயருக்குக் கிரேக்கத்தில் பாம்பின் தோற்றம் என்று பொருள். ஆங்கிலத்தில் பாம்புக்கண் என்றே அழைக்கிறார்கள். நான் பாம்புக்கண் பல்லி என்று எழுதுகிறேன். ஊரில் கேட்டால் அரணை, பாம்பரணை, பாம்புராணி என்று இடத்துக்கு ஒரு பெயர் சொல்வார்கள், எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு. பழைய ஆங்கில நூல்களிலும் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் இதே பல்லி காப்ரிட்டா என்ற பேரினத்தின் கீழ் இருக்கும். இணையத்தில் தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுத் தேடுங்கள்.

இந்தப் பல்லிக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவு பெயரிலேயே இருக்கிறது. லெஷெனோ த லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816இல் புதுச்சேரிக்கு வந்து, அங்கே தாவரவியல் தோட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். தென்னிந்தியாவெங்கும் அலைந்து செடிகளையும் உயிரினங்களையும் சேகரித்தார். 1829இல் ஹென்றி மில்ன்-எட்வர்ட்ஸ் இந்தப் பல்லியை அறிவியல் உலகுக்கு விவரித்தபோது லெஷெனோவின் பெயரையே வைத்தார். அது கிடைத்த இடமாகக் குறிக்கப்பட்டது சோழமண்டலக் கரை. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முள்ளுக்காட்டில் ஓடுவதைத்தான் பாரிஸில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் வேலை: எது அரணை, எது இது

காட்டுக்குப் போகும் முன்பே இந்த வேறுபாட்டை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பல்லி கண்ணில் படுவது சில நொடிகள்தான். அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

அரணைக்கு எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு உண்டு. கழுத்து எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி உருண்டு திரண்டிருக்கும். வீட்டுத் தோட்டத்தில் நாம் பார்க்கும் பெரிய அரணை, வாலை விட்டுவிட்டுப் பார்த்தாலே ஒரு கைப்பிடி நீளம் வரும். பாம்புக்கண் பல்லியோ மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர்தான். வால் மட்டும் அதைப்போல் இரண்டு மடங்குக்கு நெருங்கி, சாட்டை நுனிபோல மெலிந்துகொண்டே போகும். உடலில் பளபளப்பு குறைவு. முதுகுச் செதில் ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு வரப்பு உண்டு என்பதால், நல்ல படத்தில் பார்த்தால் முதுகு அரம் போலச் சொரசொரப்பாகத் தெரியும். மூக்கு கூர்மையானது. கால்விரல்கள் நீளமானவை.

நிறத்தில் கவனிக்க வேண்டியது கோடுகள். வெண்கலப் பழுப்பு முதுகு. இரு பக்கமும் தலையிலிருந்து பின்னோக்கி ஓடும் வெளிர்மஞ்சள் கோடு. அதற்குக் கீழே கரும்பட்டை. அதற்கும் கீழே மறுபடி ஒரு வெளிர்கோடு. வாலில் செம்மை படர்ந்திருக்கும். வெயில் பட்டால் அந்தச் செம்மைதான் முதலில் கண்ணை இழுக்கும். ஆனால் செம்மையை மட்டும் நம்பிவிடாதீர்கள். பூந்தொட்டிக்கு அடியில் கிடக்கும் பாம்பரணைக் குஞ்சுக்கும் வால் செக்கச்செவேல் என்று இருக்கும். அதன் கால்கள் ஒட்டவைத்தது போல மிகச் சிறியவை, நடையே பாம்பு போல நெளியும். கால்களைப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு குழப்பம் விசிறித்தொண்டை ஓணானோடு வரும். அதுவும் தரையில் ஓடுவது, அதுவும் சிறியது. ஆனால் அது ஓணான் சாதி: தலை தடித்து, முதுகில் வைர வடிவக் குறிகளோடு, கல்மேலோ மண்கட்டிமேலோ ஏறி நின்று உலகத்தைப் பார்க்கும். பாம்புக்கண் பல்லி அப்படி மேடையேறி நிற்பது அரிது. தரையோடு தரையாக, சருகின் ஓரமாக, நாக்கை நீட்டி நீட்டி மோந்தபடி ஊரும். ஓணான் காத்திருந்து பிடிப்பது; இது தேடிப் பிடிப்பது. இந்த ஒரு குணத்தை வைத்தே தூரத்திலிருந்து பிரித்துவிடலாம்.

கண் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பல்லியின் கீழிமையில் கண்ணாடிச் சில்லு பதித்தது போல ஒளி ஊடுருவும் பெரிய வட்டம் இருக்கிறது; இமை மேலேறினாலும் வெளிச்சம் உள்ளே போகும். இதே பேரினத்தின் வேறு சில இனங்களில் அந்தக் கீழிமை மேலே ஒட்டிக்கொண்டு நிலையாகவே கண்ணை மூடிய கண்ணாடிபோல் ஆகிவிட்டது, பாம்புக்கு இருப்பதைப் போலவே. பேரினத்தின் பெயர் அதிலிருந்துதான் வந்தது. காப்ரிட்டா என்று ஒரு காலத்தில் தனிப் பேரினமாக வைத்ததற்கும் இந்த இமை வேறுபாடே முக்கியக் காரணம். காட்டில் நின்று பார்த்தால் இது தெரியாது. கண்ணுக்கு நேராக எடுத்த நெருக்கமான படத்தில் தெரியும்.

எங்கே போவது

அடர்ந்த மழைக்காட்டுக்குப் போக வேண்டாம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் அடிவாரத்து வறண்ட இலையுதிர்காடுகள், உசிலையும் கிளுவையும் சூரைமுள்ளும் காரையும் நிற்கும் புதர்க்காடுகள், அவற்றுக்கு நடுவே ஊசிப்புல் வளர்ந்த திட்டுகள்: இவையே இதன் வீடு. சேர்வராயன், ஜவ்வாது, சிறுமலை போன்ற மலைகளின் கீழ்ச்சரிவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் உலர்வலயத்திலும் இந்தப் பேரினம் உண்டு. மேற்கே போனால் இதே பேரினத்தின் மற்றொரு இனம் துருக்கி வரை பரவியிருக்கிறது. வறட்சியை விரும்பும் பேரினம்.

ஒரு காட்டுக்குள் நுழைந்தபின் சரியான இடத்தைத் தேர்வதுதான் திறமை. மூன்று பொருத்தம் பாருங்கள்: காலை வெயில் தரையில் விழ வேண்டும். அருகிலேயே புகுந்துகொள்ளத் தாழ்ந்த புதர் வேண்டும். இரண்டுக்கும் நடுவே கால் மூழ்கும் அளவுக்காவது சருகு வேண்டும். ஒற்றையடிப் பாதையின் ஓரங்களில் இம்மூன்றும் சேர்ந்தே கிடைக்கும். அதனால் முதன்முறை போகிறவர்கள் பாதையை விட்டு இறங்கவே தேவையில்லை.

சருகைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பல்லிக்குக் கூரை, உணவறை, படுக்கை மூன்றும் சருகுதான். கரையான், எறும்பு, சிலந்தி, சிறு வெட்டுக்கிளி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கோடையில் காட்டோரத்தில் "சுத்தம் செய்கிறோம்" என்று சருகைக் கூட்டி எரிப்பதையும், அடுத்த மழைக்குப் புல் நன்றாக முளைக்கும் என்று தீ வைப்பதையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கும். புதர்க்காட்டைத் தரிசு என்று அரசுப் பதிவேட்டில் எழுதிவிடுவதால் அது வெற்று நிலமாகிவிடாது. எரிந்த இடத்தில் தேடிப் பயனில்லை. பழைய சருகு அடுக்கடுக்காகப் படிந்து, அடியடுக்கு மட்கிய இடத்தைத் தேடுங்கள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். தமிழ்நாடு வனச் சட்டம் 1882ஆம் ஆண்டுச் சட்டம். அத்துமீறி நுழைவது அதன்படி குற்றம். சரணாலயங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி தனியே அனுமதி வேண்டும். தொடக்கத்தில் இந்தச் சிக்கலே இல்லாத இடங்கள் போதும்: கிராமத்துப் பொதுநிலங்கள், கோயில் காடுகள், ஏரிக்கரையின் புதர் ஓரங்கள், அனுமதியோடு தெரிந்தவர்களின் தோட்ட ஓரங்கள். கோயில் காட்டுக்குள் போனால் செருப்பைக் கழற்ற வேண்டுமா, எந்தப் பக்கம் போகக் கூடாது என்று பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுவிட்டு நுழையுங்கள்.

எப்போது போவது

பறவை பார்த்துப் பழகியவர்கள் விடியற்காலையில் வந்து நிற்பார்கள். ஆறு மணிக்குக் காட்டில் குயிலும் மயிலும் இருக்கும், இந்தப் பல்லி இருக்காது. தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாத உயிர் இது. வெயில் தரையைத் தொட்டு, சருகின் மேல்பக்கம் கையில் வெதுவெதுப்பாகத் தெரியும்போதுதான் வெளியே வரும். என் கணக்கில் எட்டரை மணி முதல் பதினொன்று வரை நல்ல நேரம். உச்சி வெயிலில் புதரின் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். மேகம் மூடிய நாளில் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

மாதம் என்று கேட்டால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை முதல் பங்குனி வரை என்பேன். இலைகள் உதிர்ந்து சருகு புதிதாகப் படிந்திருக்கும், புல் காய்ந்து பார்வை மறைக்காது, வெயிலும் நிற்க முடியாத அளவுக்கு ஏறியிருக்காது.

நிற்பது

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். என் முதல் மூன்று நடைகளிலும் சத்தம் கேட்ட பக்கமெல்லாம் ஓடினேன். வால் நுனிகளை மட்டும் பார்த்தேன். நான்காம் முறை, களைத்துப்போய் ஓர் உசிலை மரத்தடியில் சும்மா நின்றபோது, இரண்டு முழத் தூரத்தில் ஒன்று தானாக வெளியே வந்து வெயிலில் வயிற்றைப் பரப்பிப் படுத்தது. அன்றிலிருந்து நான் தேடுவதில்லை, நிற்கிறேன்.

பாதையோரத்தில் நல்ல இடத்தைத் தேர்ந்ததும், உங்கள் நிழல் சருகுமேல் விழாத பக்கமாக நில்லுங்கள். நிழல் மேலே விழுந்தால் அதற்குப் பருந்து வந்துவிட்டதாகவே அர்த்தம். கால் மாற்றி நிற்க வேண்டியிருந்தால் மெதுவாக மாற்றுங்கள். பல்லி நம் பேச்சைவிட நம் காலதிர்வைத்தான் முதலில் உணர்கிறது. குறைந்தது இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தே நில்லுங்கள், ஏனென்றால் ஐந்து நிமிடத்திலேயே இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றிவிடும்.

இந்த நேரத்தில் காதுதான் வேலை செய்ய வேண்டும். தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டினால் இலை எறியும் சத்தம் வரும், கூடவே அவற்றின் சச்சரவும் கேட்கும். பெரிய அரணை ஓடினால் கனமாக, நீளமாக ஒலித்துச் சருகுக்குள் அமிழும். பாம்பு நகர்ந்தால் இடைவெளி இல்லாமல், இழுத்த இழைபோல ஒரே ஒலி. பாம்புக்கண் பல்லியின் சத்தம் துண்டு துண்டாக வரும்: 'சர்', பிறகு அமைதி, 'சர் சர்', பிறகு அமைதி. ஓடி, நின்று, மோந்து, மறுபடி ஓடுகிற அதன் நடையே அப்படி. இரண்டு மூன்று முறை கேட்டபின் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடுவீர்கள்.

சத்தம் வந்த இடத்தையே உற்றுப் பார்க்காதீர்கள். சருகின் நிறமும் பல்லியின் நிறமும் ஒன்று. அதற்குப் பக்கத்தில் வெயிலும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் பார்வையை வைத்திருங்கள். பல்லி வெயிலைத் தேடித்தான் வரும். விளிம்பைத் தாண்டும் நொடியில் அந்த வெளிர்கோடு தெளிவாகத் தெரியும். அது உங்களைக் கண்டு ஓடிவிட்டால் பின்தொடராதீர்கள். பெரும்பாலும் சில அடி தூரம் ஓடிப் புதரடியில் நின்றுவிடும். நீங்கள் அசையாமல் இருந்தால் வெயில் காயப் பழைய இடத்துக்கே திரும்பிவருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு மீட்டருக்குள் குவியக்கூடிய பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால், நாக்கு நீட்டுவதையும் கரையானை மெல்வதையும் பார்க்கலாம். அது இல்லையென்றாலும் வெறும் கண் போதும்.

கையை ஏன் நீட்டக் கூடாது

பிடிக்க வேண்டாம் என்று சொன்னால், "இவ்வளவு சிறியதை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தால் என்ன" என்று கேட்பவர்கள் உண்டு. பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடும். அந்த வாலில்தான் உணவு கிடைக்காத நாட்களுக்கான கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. வேகமாக ஓடித் திரும்பும்போது உடலைச் சமன்படுத்துவதும் அதுதான். புதிதாக வளரும் வாலுக்குள் முள்ளெலும்பு வராது. குருத்தெலும்புக் குச்சி ஒன்றுதான் இருக்கும். மீண்டும் வளர்க்க அது செலவிடும் உணவெல்லாம் முட்டைக்கும் வளர்ச்சிக்கும் போக வேண்டியது. நம்முடைய ஒரு நிமிட ஆசைக்கு அதன் ஒரு பருவம் போய்விடும்.

படத்துக்காகச் சருகை விலக்குவதும் கல்லைப் புரட்டுவதும் அப்படியே. இலை ஒன்று குறுக்கே இருந்தால் இருக்கட்டும்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் தரையில் படுத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, ஆடு ஓட்டிவந்த அம்மா ஒருவர் பதறிப்போய் நின்றார். "ஏன் தம்பி, அரணைக்குப் பக்கத்திலா படுத்திருக்கிறாய்? நக்கினாலே உயிர் போய்விடுமே!" அரணை நக்கினால் மரணம் என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. அரணைக்கும் நஞ்சு இல்லை, இதற்கும் இல்லை. "இல்லையம்மா, இது கரையான் தின்கிற பல்லி, நம் கையைக்கூடக் கடிக்க அதற்கு வாய் போதாது" என்று சொல்லி கேமராத் திரையில் படத்தைக் காட்டினேன். கோடுகளைப் பார்த்துவிட்டு, "அணில் குட்டி மாதிரி இருக்கிறதே" என்றார். இந்தப் பயத்தால் அடிபட்டுச் சாகும் பல்லிகள் ஏராளம். உங்களிடமும் யாராவது கேட்பார்கள். பொறுமையாகப் படத்தைக் காட்டுங்கள்.

படமும் குறிப்பும்

ஒரு நல்ல படத்தைவிட மூன்று சுமாரான படங்கள் அடையாளத்துக்கு உதவும்: முழு உடல் பக்கவாட்டில், வால் நுனி வரை; தலை மட்டும், கண்ணுக்கு நேராக; முதுகு மேலிருந்து. கேமராவைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்துங்கள். கைப்பேசியாக இருந்தால் நெருங்கிப் போகாமல் தூரத்திலிருந்தே எடுத்து, பின்னர் வெட்டிக்கொள்ளுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதிவேற்றும்போது இன்ன இனம் என்று உறுதியாக எழுத அவசரப்படாதீர்கள். இந்தியாவின் பாம்புக்கண் பல்லிகளின் மரபணுவை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, ஒரே இனம் என்று நாம் எண்ணியிருந்தவற்றுக்குள் இன்னும் பெயரிடப்படாத பல தனிக்கிளைகள் இருப்பதைக் காட்டியது. நீங்கள் ஓர் அடிவாரத்தில் எடுத்த படம், நாளைக்கு வேறொரு பெயர் பெறப்போகும் பல்லியுடையதாக இருக்கலாம். "ஓபிசாப்ஸ்" என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. இடமும் தேதியும் சரியாக இருந்தால் பின்னால் வருபவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் உடலுக்கு

சருகில் இருப்பது பல்லி மட்டுமல்ல. கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் இதே இடத்தில்தான் கிடக்கும், அதுவும் அசையாமல். கணுக்கால் மூடும் காலணி, கெட்டித் துணிக் கால்சட்டை இரண்டும் கட்டாயம். பார்க்காத இடத்தில் கையை ஊன்றாதீர்கள். தரையில் படுக்கும் முன் அந்த இடத்தை நன்றாக நோட்டமிடுங்கள். கடி நேர்ந்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்து வையுங்கள். யானை நடமாட்டம் உள்ள அடிவாரங்களுக்கு உள்ளூர்க்காரர் துணையின்றிப் போகவே கூடாது.

பலரும் மறந்துவிடுவது உண்ணிக் காய்ச்சலை. ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் இந்த நோயைப் புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளின் இளம்பருவம் பரப்புகிறது. தமிழ்நாட்டில் நன்றாகவே இருக்கிறது. வீடு திரும்பியதும் உடைகளைத் துவைக்கப் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் குளியுங்கள். ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அல்லது இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பில் சிகரெட் சுட்டது போன்ற கரும்புண் தெரிந்தால், புதர்க்காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்க வழி செய்யும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: நேரம், வெயிலா மேகமா, எந்த மரத்தடி, சருகு எவ்வளவு ஆழம், பல்லி என்ன செய்துகொண்டிருந்தது, வால் முழுதா, மீண்டும் வளர்ந்ததா. ஒன்றும் தென்படாத நாளையும் அதே கவனத்தோடு எழுதுங்கள். பிறகு அதே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்கள். நான் அந்த உசிலை மரத்தடிக்கு நான்கு ஆண்டுகளாகத் தைமாதம் போகிறேன். போன முறை, முழு வாலோடு ஒன்றும், நுனி மழுங்கி வெளிறிய புதுவாலோடு ஒன்றும், ஒரு முழ இடைவெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.